ஆளில்லாத இலை: மிராக்கிள் மண்டே பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டில் ஆறு வருடமாக மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை விருந்து நடக்கிறது. கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை, காலண்டரில் சிவப்பு எழுத்தும் இல்லை. அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள், சொந்தக்காரர்கள் போன் போட்டுக் கேட்கிறார்கள். வாயால் சொல்லி மாளவில்லை. எழுதியே வைத்துவிட்டேன்.

இது எந்தச் சாமிக்கு?

சாமிக்கு இல்லைங்க, சூப்பர்மேனுக்கு. ஜட்டியை வெளியே போட்டுக்கொண்டு பறப்பாரே, அவரேதான். அவர் இருக்கிற காமிக்ஸ் உலகத்தில் மே மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை ஒரு பண்டிகை நாள். பெயர் மிராக்கிள் மண்டே. தமிழில் ‘அற்புதத் திங்கள்’ என்று வைக்கலாமே என்று பேச்சு வந்தது. திங்கள் என்றால் கிழமையா, மாதமா, நிலாவா என்று பெரியப்பா இலக்கணம் எடுக்க ஆரம்பித்ததும் அந்த யோசனையைக் கைவிட்டோம். செவ்வாய்க்கிழமைச் சந்தைக்கு ஒரு பேட்டையே பெயர் தாங்கி நிற்கிற ஊர் இது. திங்கட்கிழமைக்கு ஒரு விசேஷம் இருந்துவிட்டுப் போகட்டும்.

இதைக் கிளப்பிவிட்டது யார்?

எலியட் எஸ்! மேகின் என்ற அமெரிக்க எழுத்தாளர். அந்த ஆச்சரியக்குறி என் தட்டச்சுப் பிழை இல்லை, இனிஷியலுக்குப் பின்னால் அவர் அப்படித்தான் போட்டுக்கொள்வார். அந்தக் காலத்துக் காமிக்ஸ் காகிதத்தில் முற்றுப்புள்ளி சரியாகப் பதியாது என்று வசனங்களை எல்லாம் ஆச்சரியக்குறியில் முடிப்பது வழக்கமாம். கை பழகிப்போய் ஒருநாள் தன் பெயரிலும் போட்டுவிட்டார், அதுவே நிலைத்துவிட்டது. 1970களில் சூப்பர்மேன் கதைகளை நிறைய எழுதியவர். 1981இல் ‘மிராக்கிள் மண்டே’ என்ற பெயரிலேயே ஒரு நாவல் எழுதினார். ஆக, இது காமிக்ஸ் நாயகனின் பண்டிகை என்றாலும் பிறந்தது நாவலில். 1984இல் ‘சூப்பர்மேன்’ இதழின் 400ஆவது வெளியீடு வந்தபோது அதே பண்டிகையை அவரே காமிக்ஸுக்குள்ளும் கொண்டுவந்தார்.

கதையைச் சொல்லுங்கள். சுருக்கமாக.

சுருக்கமாகச் சொன்னால் ருசி போய்விடும். ஆனாலும் பார்க்கிறேன்.

29ஆம் நூற்றாண்டில் கிறிஸ்டின் வெல்ஸ் என்று ஒரு மாணவி. அவள் காலத்தில் மிராக்கிள் மண்டே என்றால் எல்லோரும் கொண்டாடுகிற பெரிய பண்டிகை. எதற்காகக் கொண்டாடுகிறோம் என்று கேட்டால் மட்டும் ஒருவருக்கும் பதில் தெரியாது. சூப்பர்மேன் சம்பந்தப்பட்டது, அதோடு சரி. அதைத் தெரிந்துகொள்ள அவள் காலத்தில் பின்னோக்கிப் பயணம் செய்து, சூப்பர்மேன் வாழும் மெட்ரோபாலிஸ் நகரத்துக்கு வந்து இறங்குகிறாள்.

அதே சமயம் நரகத்திலிருந்தும் ஒருவன் வந்திருக்கிறான். சி. டபிள்யூ. சாட்டர்ன். சைத்தானின் ஏவலாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பேய் போய் ஏறிக்கொள்வது இந்தப் பெண் மேலேயே. ஊரை நாசம் பண்ணுவது அதற்கு வெறும் பொழுதுபோக்கு. உண்மையான வேலை, சூப்பர்மேனை ஒரே ஒரு தப்பு செய்ய வைப்பது. கண்ணாடி போட்டுக்கொண்டு, சட்டைக்குள் சூப்பர்மேன் உடையை மறைத்துக்கொண்டு சாதாரண ஆளாக நடமாடும் கிளார்க் கென்ட்தான் சூப்பர்மேன் என்ற ரகசியத்தைக்கூட உலகத்துக்குப் போட்டு உடைத்துவிடுகிறது. அட்டகாசம் அடங்க ஒரு வழிதான் தெரிகிறது: பேய் பிடித்த அந்தப் பெண்ணைக் கொன்றுவிடுவது. ஒரு உயிர் போனால் ஊர் பிழைக்கும் என்கிற கணக்கு.

சூப்பர்மேன் அந்தக் கணக்கைப் போட மறுத்துவிடுகிறார். நீ கெடுத்துக்கொண்டே இரு, நான் பின்னாலேயே வந்து சரிபண்ணிக்கொண்டே இருக்கிறேன், ஆயுசு முழுக்க ஆனாலும் சரி, இந்தப் பெண்ணைத் தொடமாட்டேன் என்று நின்றுவிடுகிறார். நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மலையைத் தூக்குகிறவர், கையைக் கட்டிக்கொண்டு ஜெயிக்கிறார். பேய்க்கு வேறு அஸ்திரம் இல்லை, தோற்றுப்போகிறது. தோற்றால் வென்றவருக்கு ஒரு வரம் தர வேண்டும் என்பது நிபந்தனை. நம் கதைகளில் அசுரன் தவம் கிடந்து வரம் வாங்குவான், இங்கே அசுரனே வரம் கொடுக்கிறான்! சூப்பர்மேன் கேட்டது: எல்லாம் பழையபடி ஆகட்டும்.

ஆகிவிடுகிறது. இடிந்தது இடியாததாக, தெரிந்த ரகசியம் தெரியாததாக. அதனால்தான் மக்களுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. அந்த மே மாதத் திங்கட்கிழமை காரணம் புரியாத ஒரு சந்தோஷம் மட்டும் எல்லோர் மனசிலும் தங்கிவிடுகிறது. அதுதான் பண்டிகை.

கிறிஸ்டின் வெல்ஸ் அத்தோடு காணாமல் போகவில்லை. 1983இல் ஒரு காமிக்ஸ் ஆண்டு மலரில் சூப்பர்வுமன் ஆகத் திரும்பி வந்தாள்.

காரணமே தெரியாமல் ஒரு விழாவா?

நாம் மட்டும் என்ன? ஆடிப் பதினெட்டுக்கு மேட்டூரில் தலை முழுகுகிற கூட்டத்தில் நடுவில் நின்று “எதுக்குங்க?” என்று கேட்டுப் பாருங்கள். “வருசா வருசம் வர்றோம்” என்பதுதான் பாதிப் பேர் பதில்.

எந்தத் தேதியில் வரும்?

மூன்றாவது திங்கள் என்பதால் 15ஆம் தேதிக்கு முன்னால் வராது, 21ஐத் தாண்டாது. 2026இல் மே 18, 2027இல் மே 17, 2028இல் மே 15. சூப்பர்மேன் பிறந்தநாளைக் கொண்டாடலாமே என்று சித்தப்பா மகன் கேட்டான். காமிக்ஸ் வழக்கப்படி அது பிப்ரவரி 29. நான்கு வருடத்துக்கு ஒருமுறைதான் பாயசம் என்றதும் கேள்வியை வாபஸ் வாங்கிக்கொண்டான்.

ஓர் இலையைக் காலியாக விடும் பழக்கம் எங்கிருந்து வந்தது?

1984இல் வந்த 400ஆவது வெளியீட்டில், வெகு தூரத்து எதிர்காலத்தில் ஒரு குடும்பம் மிராக்கிள் மண்டே விருந்துக்கு உட்காருகிறது. மேஜையில் ஓர் இடத்தைக் காலியாக விடுகிறார்கள். தட்டு உண்டு, ஆள் இல்லை. சூப்பர்மேன் என்றைக்காவது திரும்பி வந்தால் உட்காரட்டும் என்று. அன்றைக்குக் காலப் பயணத்தில் அவர் நிஜமாகவே வந்து சேர்கிறார்.

யூதர்களின் பாஸ்கா விருந்தில் எலியா தீர்க்கதரிசிக்கென்று ஒரு கோப்பையில் திராட்சை ரசம் ஊற்றி வைத்து, அவர் வருவதற்காகக் கதவைத் திறந்துவிடுவார்கள். அந்தச் சாயல் இந்தக் காட்சியில் அப்படியே தெரிகிறது. 1938இல் சூப்பர்மேனை உலகுக்குக் கொண்டுவந்த ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் இருவருமே பிழைக்க வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

நாம் மேஜைக்குப் பதில் பந்திப்பாய், தட்டுக்குப் பதில் தலைவாழை இலை.

ஆளில்லாமல் இலை போடுவது ஆகாதே?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். முதல் வருடம் இதில்தான் விருந்தே நின்றுபோகப் பார்த்தது.

ஏழு பேருக்கு எட்டு இலை போட்டு, எட்டாவதற்கும் தண்ணீர் தெளித்துத் துடைத்து உப்பு வைக்கிற நேரத்தில் அம்மாயி பார்த்துவிட்டார்.

“ஏங்கண்ணு, அது யாருக்கு?”

“வரப்போற ஒருத்தருக்கு அம்மாயி.”

“எப்ப வருவாரு?”

“வந்தாலும் வரலாம், வராட்டியும் போகலாம்.”

அம்மாயி முகம் மாறிவிட்டது. “ஆளில்லாம எலை போடறது செத்தவங்களுக்குத்தான் கண்ணு. அமாவாசைக்குப் போடறோமே, அது. உசுரோட இருக்கறவருக்குப் படையல் போட்டா அவருக்கு ஆகுமா?”

காமிக்ஸில் சூப்பர்மேன் 1992இல் ஒருமுறை செத்து மறு வருடமே திரும்பி வந்துவிட்டார் என்று தம்பி வாயைத் திறந்தான். கையைப் பிடித்து அழுத்தினேன். அந்த விஷயம் இப்போது தேவையா?

கடைசியில் அம்மாயியே வழி சொன்னார். போட்ட இலையில் யாராவது உட்கார்ந்தே ஆக வேண்டும், வயிறார சாப்பிட வேண்டும். அப்போதுதான் அது படையல் ஆகாது, பந்தி ஆகும். வீட்டு ஆளோ, நாம் அழைத்த ஆளோ உட்காரக்கூடாது. தெருக்கதவு திறந்தே இருக்கட்டும், யார் முதலில் வாசலுக்கு வருகிறார்களோ அவருக்கு. ஒருவரும் வராவிட்டால் பந்தி முடிவதற்குள் ஒரு ஆள் கிளம்பிப் போய்ப் பசித்தவரைத் தேடிக் கூட்டிவர வேண்டும். வாழை இலையின் நுனி, சாப்பிட உட்காருகிறவரின் இடது கைப்பக்கம் இருக்க வேண்டும் என்பதையும் அன்றைக்கே எட்டு இலைக்கும் சரிபார்த்தார்.

இந்த விதிகள் மேகின் எழுதியதில் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு இதுதான் சட்டம். உண்மையைச் சொல்கிறேன், மூலக் கதையில் இருப்பதைவிட இது பொருத்தமாகவே எனக்குப் படுகிறது. கண்முன் நிற்கிற ஒரு உயிர்தான் பெரிது என்பதுதானே நாவல் முழுக்க அந்த ஆள் செய்வது.

‘எஃகு மனிதர்’ என்று பெயர் எடுத்த சூப்பர்மேனுக்கு எவர்சில்வர் தட்டுதானே பொருத்தம்? அதுவும் சேலத்தில்?

வாதம் நல்ல வாதம். கஞ்சமலை அடிவாரத்து உருக்காலையில் உருட்டுவது எவர்சில்வர் தகடுதான். நாணயம் அடிக்கிற வில்லைகள்கூட அங்கே வெட்டுகிறார்கள், உங்கள் சட்டைப்பையில் கிடக்கிற சில்லறை இந்த ஊரைப் பார்த்துவிட்டு வந்ததாக இருக்கலாம். இன்னொரு வேடிக்கை, ஆலை உற்பத்தியைத் தொடங்கியது 1981இல், மேகினின் நாவல் வந்த அதே வருடம். ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் கூட்டுறவாகச் சேர்ந்த சேகோசர்வ் தொடங்கியதும் அதே 1981. இதற்கெல்லாம் அர்த்தம் ஒன்றும் கிடையாது. ஆனால் எங்கள் கூட்டத்தில் இதை யாராவது புதிதாகக் கேட்டுவிட்டு “அட!” என்று சொல்லாமல் இருந்ததில்லை.

தண்ணீர் டம்ளர் எவர்சில்வர். சாப்பாடு இலையில். சமரசம்.

என்ன சமைக்கலாம்?

மே மாதத்தில் சேலத்தில் இந்தக் கேள்வியா? மல்கோவாவும் இமாம்பசந்தும் வண்டி வண்டியாக வந்து இறங்குகிற நேரம். இலையின் ஓரத்தில் இரண்டு துண்டு வையுங்கள், மிச்சத்தைப் பிள்ளைகள் கொட்டை வரை சப்பட்டும்.

பாயசம் ஜவ்வரிசியில்தான். ஜவ்வரிசியைத் தருகிற குச்சிக்கிழங்கு விளைகிற மண்ணில் சேமியாவுக்கு என்ன வேலை? ஊறவைத்த ஜவ்வரிசி வேகும்போது ஒவ்வொரு மணிக்குள்ளும் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு தெரியும். அது சிறுத்துச் சிறுத்து, மணி முழுக்கக் கண்ணாடி போல ஆனதும் பாலை ஊற்ற வேண்டும். பொட்டு இருக்கும்போதே ஊற்றிவிட்டால் பல்லில் நறுக்கென்று கடிபடும். பொறுமை இல்லாமல் கிண்டாமல் விட்டால் மொத்தமும் ஒரே கட்டியாகிவிடும். மூன்றாம் வருடம் அப்படி ஆன பாயசத்தைக் கத்தியால் வெட்டிப் பரிமாறினோம், சூப்பர்மேனையே சாய்க்கிற கல்லின் பெயரால் கிரிப்டோனைட் என்று பெயர் வைத்தார்கள்.

சாயங்காலத்துக்குத் தட்டுவடை செட். ஒரு குட்டித் தட்டுவடை, அதன்மேல் காரச் சட்னியும் புதினாச் சட்னியும், துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், மேலே இன்னொரு தட்டுவடையை வைத்து மூடினால் தீர்ந்தது. ஒரே வாயில் போட வேண்டும். கடித்துச் சாப்பிடுகிறவர் வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும்.

ஏற்காட்டுக்குப் போய்க் கொண்டாடலாமா?

நாங்கள் ஒருமுறை போனோம். ஒரே முறை.

மே மாதத்தில்தான் அங்கே கோடை விழா, மலர்க் கண்காட்சி. சேர்வராயன் கோயில் திருவிழாவும் மே மாதம்தான். கூட்டம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு, முன்னால் ஒரு பஸ், பின்னால் பத்து கார். மடியில் பாயசத் தூக்கை வைத்துக்கொண்டு அத்தை. பதினோராவது வளைவில் தூக்கின் மூடி கழன்றது. கார் சீட்டில் ஏலக்காய் வாசம் தீபாவளி வரை போகவில்லை.

மேலே போய் ஓரிடத்தில் பாய் விரித்து இலையைப் போட்டதுதான் தாமதம், மரத்திலிருந்து ஒரு குரங்கு குதித்து நேராக எட்டாவது இலைக்கு வந்து, இரண்டு வடையையும் மாம்பழத்தையும் அள்ளிக்கொண்டு கிளைக்குத் தாவிவிட்டது. நாங்கள் கத்திக்கொண்டிருக்க, அம்மாயி மட்டும் கையெடுத்துக் கும்பிட்டார். “பறந்து வர்றவருன்னுதானே சொன்னீங்க? வந்துட்டாரு பாரு.”

அதற்குமேல் யார் என்ன பேசுவது? கடல் தாண்டிப் பறந்தவரின் வம்சம், உரிமை அதற்குத்தான் அதிகம். ஆனால் மலையில் குரங்குக்குச் சோறு காட்டிப் பழக்குவது அதற்கும் கெடுதல், நமக்கும் தொல்லை. ஆகவே சாப்பாட்டைக் கீழே வீட்டில் முடித்துக்கொள்ளுங்கள். மலைக்குப் போவதென்றால் வேறொரு நாள் சாயங்காலம் வெறும் கையோடு போய் லேடீஸ் சீட்டில் நில்லுங்கள். இருட்டியதும் கீழே சேலம் முழுக்க விளக்கு விளக்காகத் தெரியும். பறக்கிற ஆள் ஒருவருக்கு நம் ஊர் எப்படித் தெரியும் என்று அங்கே நின்றால் புரியும்.

ஆபீசில் லீவு கேட்டால் என்ன காரணம் சொல்வது?

குடும்ப விசேஷம் என்று எழுதுங்கள். பொய் இல்லை. சூப்பர்மேன் என்று எழுதி மனு கொடுத்த நண்பர் ஒருவர் அன்றைக்கு முழுநாள் வேலை பார்த்ததோடு, வருடம் பூராவும் மேலாளரால் அந்தப் பெயராலேயே அழைக்கப்பட்டார்.

வேஷம் போட வேண்டுமா?

கட்டாயம் இல்லை. வேஷம் நம் ஊருக்குப் புதிதும் இல்லை. ஆடியில் குகைப் பக்கம் வண்டி வேடிக்கை பார்த்தவர்களிடம் கேளுங்கள். ஜோடித்த வண்டிகளில் ஆட்கள் சாமி வேஷத்தில் நகை நட்டோடு மணிக்கணக்காக அசையாமல் நிற்பார்கள். அதற்கு முன்னால் நம்முடைய சிவப்புத் துண்டெல்லாம் சும்மா.

துண்டு என்றதும் ஒன்று. கழுத்தில் துண்டு கட்டிய பிள்ளைகளை மாடிப்படிப் பக்கம் விடாதீர்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இரும்புக்கை மாயாவிக்கும் இலை போடலாமா?

1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழிலேயே வந்து நம் அப்பாக்களைக் கெடுத்தவர் அவர். சூப்பர்மேனுக்கு முன்னால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவர்தான். ஆனால் சிக்கல் பாருங்கள்: மின்சாரம் பாய்ந்தால் அவர் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும்தான் வெளியே தெரியும். காலி இலை என்று நாம் நினைக்கிற இடத்தில் ஏற்கனவே உட்கார்ந்திருந்தால்? பெரியப்பா இதற்காகவே இலைக்கு எதிரே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். வலது கைதான் இரும்பு என்பதால் மாயாவி சாப்பிட்டால் தெரிந்துவிடும் என்பது பெரியப்பா கட்சி.

இதுவரை அந்த இலையில் யார் யார் உட்கார்ந்தார்கள்?

குரங்கைச் சேர்க்காமல் ஐந்து பேர். இரண்டு வருடம் ஒருவரும் வராமல் தம்பி போய்த்தான் தேடிக் கூட்டிவந்தான். ஒரு வருடம் சிலிண்டர் போட வந்த பையன், ஒரு வருடம் வீட்டு முகவரி தப்பி வந்த ஒரு அம்மா. போன வருடம் கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர்.

“வாங்கண்ணா, சாப்பிடுங்க” என்றதும் “இல்லைங்க, இன்னும் நாப்பது வீடு கெடக்குது” என்று மீட்டர் பக்கம் நகர்ந்தார். அம்மாயி வாசலை மறித்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் செருப்பைக் கழற்றி, கை கழுவி, எட்டாவது இலையில் உட்கார்ந்தார். கறுப்பு பிரேம் கண்ணாடி போட்டிருந்தார். அக்கா மகன் சோற்றைப் பிசைவதை விட்டுவிட்டு அவர் சட்டையின் இரண்டாவது பட்டனுக்கும் மூன்றாவது பட்டனுக்கும் நடுவில் என்ன தெரிகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

“என்னங்க விசேசம்?” என்று ரசத்துக்கு வரும்போது கேட்டார். பேய் பிடித்த பெண், மறுத்த ஆள், மறந்த ஊர் எல்லாம் சொன்னோம். கேட்டுக்கொண்டே குழி செய்த சோற்றில் ரசத்தை வாங்கினார்.

“எங்கூர்லயும் ஒரு நோம்பி இருக்குதுங்க. பங்குனியில ராத்திரி விளக்கு வெச்சுப் பொங்க வெப்போம். எந்தச் சாமிக்குன்னு எங்க தாத்தனுக்கே தெரியாது. ஏதோ ஒரு காலத்துல யாரோ நல்லது பண்ணியிருக்காங்க, அவ்வளவுதான்.”

இரண்டாவது தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார். இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு எழுந்து, கை கழுவி, மீட்டரில் ரீடிங் பார்த்து வெள்ளை அட்டையில் எழுதினார்.

“போன தடவைய விட கூட ஓடியிருக்குதுங்க. ஏசி புதுசா?”